வராண்டா நாற்காலி எனக்கு வேண்டாம்

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்தது ஆறு பேரை. நான் பெற்றது நாலு, செத்துப்போன என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது ரெண்டு. ஆறில் ஒன்றுகூடப் பொய் சொல்லி மாட்டியதில்லை. அப்படி வளர்த்தவளை, பொய் சொல்கிறாள் என்று போன வாரம் ஒரு பெரிய மனிதர் சொன்னார். நான் காலமெல்லாம் துடைத்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அதனால்தான் இதை எழுத வைக்கிறேன்.

என் பெயர் அந்தோணியம்மாள். திண்டுக்கல்லில் ஒரு காலேஜில் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். காலேஜின் பெயரைப் போடவில்லை. சோறு போட்ட இடம், பேரைக் கெடுக்க மனசு வரவில்லை. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். எழுத வராது, கையெழுத்து மட்டும் போடுவேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி ஜெனி, பன்னிரண்டாவது படிக்கிறாள். நான் கோபத்தில் சொன்ன ரெண்டு வார்த்தையை, "அது வேணாம் அப்பத்தா, வாசிக்கிறப்ப அசிங்கமா இருக்கும்" என்று அவளாக விட்டுவிட்டாள். மற்றதெல்லாம் நான் சொன்னதுதான்.

நடந்தது இதுதான். காலேஜ் வாசலில் ஒரு போர்டு வைத்தார்கள். அறுபது வயது தாண்டியவர்கள் யார் வேண்டுமானாலும் வகுப்பில் வந்து உட்கார்ந்து பாடம் கேட்கலாம், பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது, வாழ்நாள் பூராவும் படிக்கலாம் என்று எழுதியிருந்ததாம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த உத்தரவாம். இதை எனக்கு வந்து சொன்னவள் செல்வி. என்னுடைய கடைசி ரெண்டு வருசத்தில் கான்ட்ராக்டில் வேலைக்குச் சேர்ந்து, என்னோடு சேர்ந்து கூட்டியவள். இன்னமும் அங்கேதான் இருக்கிறாள்.

"பெரியம்மா, ஒங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு. கெளம்புங்க" என்றாள்.

நானும் பண்டிகைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு சின்னப் பெண். "என்ன படிச்சிருக்கீங்க பாட்டி?" என்று கேட்டது.

"மூணாப்புப் பாதி."

"குறைஞ்சது பன்னெண்டாப்பு கேக்குது பாட்டி. இல்லன்னா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"பரீட்சை உண்டா தாயி?"

"இல்ல."

"பட்டம் குடுப்பீகளா?"

"அதெல்லாம் இல்ல, சும்மா உக்காந்து கேக்குறதுதான்."

"கேக்குறது காதுதான? என் காது எத்தனாப்பு பாஸ் பண்ணியிருக்கணும்?"

அதே வகுப்புக்குப் பேர் கொடுக்க வந்து பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் சிரித்துவிட்டார். அவருக்கு ஏற்கனவே ஒரு ரோஜாப்பூ கொடுத்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாளரான லெக்சரர் அம்மா வந்தாள். அவள் பெயரை எழுத மாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஊர் நத்தம். அதனால் நத்தம்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. தோளைத் தொட்டு, ரொம்பத் தன்மையாகச் சொன்னாள்:

"பாட்டி, ஒண்ணும் கவலப்படாதீங்க. வராண்டாவுல ஜன்னலோரமா ஒரு சேர் போடச் சொல்றேன். நல்லாக் கேக்கும். யாரும் ஒங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வராண்டாவில் நாற்காலி. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நான் நேரே பிரின்சிபால் அறைக்குப் போனேன். செல்வி கூட வந்தாள், நத்தம்காரியும் பின்னால் ஓடி வந்தாள். நான் சொன்னேன்: "சார், நான் வேலை பாத்த காலத்துலயே கிளாசுக்குள்ள கடைசி பெஞ்சுல உக்காந்து பாடம் கேட்டவ. இப்ப எதுக்கு என்ன வெளிய உக்கார வைக்கிறீக?"

அவர் வந்து கொஞ்ச வருசந்தான் ஆகிறது. "அப்படி ஒரு வழக்கமே இந்தக் காலேஜ்ல கெடையாதும்மா" என்றார்.

செல்வி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இருந்துச்சு சார். நானே கண்ணால பாத்திருக்கேன்."

"துப்புரவு ஆளுங்க கிளாஸ்ல உக்காந்தாங்கன்னு வெளிய பேசுனா, நாளைக்கு ஆளாளுக்குத் தொடப்பத்தப் போட்டுட்டு உக்காந்துக்குவீங்க. ரெண்டு பேரும் சேந்து பொய் சொல்லாதீங்க."

நான் நத்தம்காரியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். அந்தப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளே அவள்தான். அவள் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கான்ட்ராக்ட் கம்பெனி சூப்பர்வைசர் செல்வியைக் கூப்பிட்டு, பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கணும், திங்கட்கிழமைக்குள் கேட்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். செல்வி என் வீட்டுக்கு வந்து, "நடந்ததத்தான சொன்னேன் பெரியம்மா, எதுக்கு மன்னிப்பு?" என்று கேட்டாள். அவளோடு வேலை பார்க்கும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். "நீங்க நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க. திங்கக்கெழம பிரின்சிபால் முன்னாடி வாசிக்கிறோம்" என்றார்கள்.

சரி, கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது புருசன் படுத்த படுக்கையான வருசம். பழகியதெல்லாம் பெரிய கதை இல்லை. மூத்தவள் ஒருத்தி இருந்தாள், அவள் பின்னாலேயே திரிந்து கற்றுக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பறை கூட்டுவது வீடு கூட்டுவது மாதிரி இல்லை. கரும்பலகைக்குக் கீழே சாக்பீஸ் தூள் கோலமாவு மாதிரிப் படிந்திருக்கும். விளக்குமாற்றை நேரே போட்டால் கிளம்பிப் பெஞ்சுகளில் போய் உட்காரும். அதனால் முதலில் தண்ணீர் தெளித்து, செத்த நேரம் விட்டு, கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பலகையை ஈரத்துணியால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. உடனே காய்ந்த துணி. ஈரம் நின்றால் சாக்பீஸ் வழுக்கும், எழுதுவது தெரியாது, வாத்தியார் நம்மைத்தான் முறைப்பார்.

என்னைப் போட்டது புவியியல் கட்டடத்தில். அங்கே கூட்டுவதோடு இன்னொரு வேலை உண்டு, மேப் மாட்டுவது. பெரிய பெரிய மேப்புகள், பின்பக்கம் துணி ஒட்டி, மேலும் கீழும் கட்டை வைத்தவை. சுருட்டி அலமாரியில் நிறுத்தியிருக்கும். இறுக்கிச் சுருட்டினால் மடிப்பு வெடிக்கும், தளர விட்டால் ஓரம் மடங்கும். கவட்டைக் குச்சியால் தூக்கிப் பலகைக்கு மேலே உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். மூணாப்பில் படித்ததெல்லாம் மறந்து எனக்கு எழுத்துத் தெரியாத காலத்தில் அடையாளத்தை வைத்துத்தான் எடுப்பேன். கரப்பான் கடித்தது இந்தியா, மூலை கிழிந்தது ஆசியா, மேலே மை கொட்டியது மழை மேப்.

எழுத்து வந்ததும் அந்த மேப்பில்தான். புத்தகத்தில் எழுத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும், எனக்குப் பிரித்துப் பார்க்க வராது. மேப்பில் கடலுக்குப் பேர் போட்டிருப்பார்கள் பாருங்கள், வங்காள விரிகுடா என்று. கடல் பெரிசு என்பதால் ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டிருக்கும். 'வ' தனியாக நிற்கும். 'கா' தனியாக நிற்கும். கூட்டும்போது ஒரு எழுத்து, துடைக்கும்போது ஒரு எழுத்து என்று பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் பஸ்ஸில் பேர் வாசிக்க எனக்கு நேரம் ஆகும். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் கடல் கிடக்கிறது எனக்கு.

புவியியலுக்குத் தலைவராக இருந்தவர் சகுந்தலா மேடம். இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அவர் ஒரு வார்த்தையில் முடித்திருப்பார்.

ஆள் உயரம். கஞ்சி போட்ட நூல் சேலைதான் எப்போதும். கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். வகுப்புக்குள் வந்ததும் முதல் வேலையாக ஜன்னலை அவரே திறப்பார், யாரையும் ஏவ மாட்டார். புது சாக்பீஸை ரெண்டாக உடைத்துப் பாதியை மேஜையில் வைப்பார். முழுசாக எழுதினால் கீச்சென்று சத்தம் வருமாம். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பையன்கள் அதற்குத்தான் பயப்படுவார்கள். "மேடம் கத்துனாக்கூடத் தேவல, மெதுவாப் பேசுனாத்தான் ஓட எடம் தேடணும்" என்பார்கள். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் நான் ஆயா. அவருக்கு மட்டும் அந்தோணியம்மா, வாங்க, போங்க.

ஒருநாள் கொக்கி கழன்று விழுந்துவிட்டது. மேப்பைக் குச்சியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பீரியடு முடியும்வரை நின்றேன். கை மரத்துப்போனது. ஆனால் ஒரு பீரியடு பூராவும் அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கேட்டேன். மறுநாள் கொக்கி அடித்துவிட்டார்கள். மாட்டிவிட்டு வெளியே போகப் பார்த்தேன்.

"எங்க போறீங்க அந்தோணியம்மா?"

"வேல முடிஞ்சிருச்சு மேடம்."

"நேத்து பாதிப் பாடம் கேட்டீங்க. மிச்சத்தக் கேக்காமப் போனா கேட்டதுக்கு என்ன அர்த்தம்? உக்காருங்க."

நான் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். குரல் இறங்கிவிட்டது.

"என் கிளாஸ்ல பெஞ்சு இருக்கு அந்தோணியம்மா."

கடைசி பெஞ்சில் இருந்த பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். நான் தினமும் துடைக்கிற பெஞ்சுதான். உட்கார்ந்தபோது அது வேறு பெஞ்சு மாதிரி இருந்தது.

அவர் எனக்கு ஒரு சட்டம் போட்டார். வேலையை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும், பாக்கி வைத்துவிட்டு வந்தால் அவரே வெளியே அனுப்பிவிடுவார். நான் ஒருநாளும் பாக்கி வைத்து வந்ததில்லை. தொடப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வோம் என்று சொன்ன பிரின்சிபால் சார் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கட்டும்.

அப்புறம், வருகைப் பதிவு. பேர் கூப்பிட்டால் பிள்ளைகள் எழுந்து "உள்ளேன் அம்மா" என்பார்கள். எல்லாப் பேரும் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, மேடம் நிமிர்ந்து, "அந்தோணியம்மாள்" என்று கூப்பிட்டார். முதல்தடவை எழுந்து நின்று, "இங்கிட்டுத்தான் இருக்கேன் மேடம்" என்றேன். வகுப்பே சிரித்தது.

"என்ன சிரிப்பு? இருக்காங்க, இருக்கேன்னு சொல்றாங்க" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் கடைசிப் பேர் என் பேர்தான். பதிவேட்டில் கிடையாது. அவர் வாயில் இருந்தது. வராத நாளுக்கு மறுநாள் "நேத்து ஏன் வரல?" என்று என்னையும் கேட்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சரி என்பார். சும்மா வரவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இத்தனை பாடம் கேட்டு என்ன கண்டாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் பிறந்தது சாணார்பட்டிப் பக்கம். நான் பிறந்த வருசம் எங்கள் கிணறு வற்றியது. அதிலிருந்து என் கால் ராசியில்லாத கால். விதைக்கிற அன்றைக்கு என்னை வரப்பில் ஏற விடமாட்டார்கள். பக்கத்துக் காட்டில் கிணறு வெட்டினால், "அந்தக் கழுதைய அங்கிட்டு விடாதீக" என்று என் சொந்தச் சித்தப்பாவே சொல்வார். கடைசியில் எங்கப்பா காட்டை விற்றுவிட்டுத் திண்டுக்கல்லுக்குக் கூலிக்கு வந்தார். குடித்தால், "நீ பொறந்த, தண்ணி போச்சு" என்பார். நானும் அதை நம்பினேன். பிறகு என் புருசன் படுத்தபோதும் என் காலைத்தான் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் மேடம் மழை மேப்பை மாட்டச் சொன்னார். விரலால் மேற்கே இருக்கிற மலையைத் தொட்டார். தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருமாம். மலையில் முட்டி அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுமாம். மலையைத் தாண்டி வரும்போது வெறும் காற்றாகத்தான் வருமாம். "இந்தப் பக்கம் மழை மறைவு" என்று சொல்லி விரலை இறக்கினார். அது திண்டுக்கல்லில் வந்து நின்றது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "மேடம், சாணார்பட்டியும் அதுக்குள்ளதான் வருமா?"

"வரும்."

"ஒரு வருசம் மட்டும் கெணறு அடியோட வத்துனா?"

"நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழதான் சோறு. அது வடகிழக்குல இருந்து வரணும். அதுவும் பொய்ச்சா வத்தத்தான் செய்யும். யாரோட குத்தமும் இல்ல அந்தோணியம்மா. மல நிக்கிற எடம் அப்படி, காத்து வீசுற தெச அப்படி."

நான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அரை நூற்றாண்டாக என் காலில் கட்டியிருந்த கல் இது. அதை அவிழ்க்கிற சேதி சுருட்டி அந்த அலமாரியிலேயே இருந்திருக்கிறது. நானே தினமும் அதைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். ஒரு பெஞ்சில் உட்கார விட்டதால் தெரிந்தது. இல்லாவிட்டால் ராசியில்லாதவளாகவே செத்திருப்பேன். படிக்காதவள் வகுப்புக்குள் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். அதுவும் வராண்டாவில் உட்கார்ந்தால் மேப் தெரியாது. குரல் கேட்கும். விரல் எங்கே நின்றது என்று தெரியாது.

இனி அந்தக் கஷ்டமான விசயம்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு காலேஜைப் பார்க்க வந்தது. ஒரு வாரமாக வெள்ளையடிப்பு. அன்றைக்குக் காலையில் ஆபீஸ் சூப்ரண்டு என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இன்னிக்குக் கிளாஸ் பக்கம் தலகாட்டாத. வந்தவங்க பாத்தா மானம் போகும். ஸ்டோர் ரூம்ல இரு" என்றார். மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"வேல முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுச்சு மேடம்."

"அப்ப ஒங்க எடத்துல உக்காருங்க."

குழுவில் மூன்று நான்கு பேர் வந்து வகுப்புக்குப் பின்னால் நின்றார்கள். சூப்ரண்டு கதவோரமாக நின்று என்னை முறைத்தார். மேடம் ஒன்றும் நடக்காத மாதிரிப் பேர் கூப்பிட்டார். கடைசிப் பேர் முடிந்தது. புத்தகத்தை மூடினார். நிமிர்ந்தார்.

"அந்தோணியம்மாள்."

நான் எழுந்தேன். "உள்ளேன் அம்மா."

வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர், "இவங்க யாரு?" என்று கேட்டார்.

"என் வகுப்புல பாடம் கேக்குறவங்க."

"பதிவேட்டுல பேர் இருக்கா?"

"பேர் இல்ல. ஆள் இருக்காங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். போய்விட்டார்கள். யாருடைய மானமும் போகவில்லை. ஆனால் அடுத்த வாரம் என்னைப் புவியியல் கட்டடத்திலிருந்து எடுத்துக் கக்கூஸ் பக்கம் போட்டார்கள். தண்டனை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. "அங்க ஆள் கொறச்சல்" என்றார் சூப்ரண்டு, பல்லைக் குத்திக்கொண்டே. ஆசிட் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. சோற்றைப் பிசைந்தால் எரியும். ஸ்பூனில் சாப்பிட்டேன். பிள்ளைகள் சிரித்தன, "அம்மா தொர மாதிரி சாப்புடுது" என்று. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

கக்கூஸ் வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு இடைவேளை முடிந்ததும் கழுவ வேண்டும். அதனால் கடைசி இடைவேளை முடிகிறவரை எனக்கு விடுதலை கிடையாது. வகுப்பு அதோடு போயிற்று என்று நினைத்தேன். ஆனால் மேடம் தன் பாடத்தை எடுத்துக் கடைசிப் பீரியடில் போட்டுக்கொண்டார். எந்த வாத்தியாருக்கும் பிடிக்காத பீரியடு அது. பிள்ளைகள் தூங்கி வழியும்.

அந்த வருசம்தான் நத்தம்காரி படிக்க வந்தாள். கடைசிப் பீரியடு முடிந்து ஓடினால் நத்தம் பஸ் போயிருக்கும். அடுத்த பஸ்ஸுக்கு ஸ்டாண்டில் காத்துக் கிடக்க வேண்டும். ஒருநாள் என்னை வழிமறித்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"அந்தோணிம்மா, ஒங்களுக்கு ஒரு மணி நேரம் ஞானம். எங்களுக்கு ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாண்டு. இது நாயமா?"

வாய்க்காரி. ஆனால் கேட்டது நியாயம். நான் மேடத்திடம் போய், "எனக்காக மாத்தாதீக மேடம், பொம்பளப் புள்ளைக இருட்டுல போகுதுக" என்றேன். மேடம் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "பஸ் எப்ப?" என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து டீ குடிக்காமல் முன்கூட்டியே வந்து வகுப்பை ஆரம்பித்து, நத்தம் பிள்ளைகளை முதலில் அனுப்பிவிடுவார்.

ஓடுவதற்கு வசதியாக நத்தம்காரி கதவோரம் கடைசி பெஞ்சுக்கு வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படித்து முடிக்கிறவரை அங்கேதான். டப்பாவில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்க் கீற்று கொண்டுவருவாள். மேடம் பலகைப் பக்கம் திரும்பினால் எனக்கு ஒன்று தள்ளுவாள். "முழுங்கிருங்க அந்தோணிம்மா, மென்னா சத்தம் கேக்கும்." சம்பளப் பட்டியலில் நான் கைநாட்டு வைப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்தது. "இம்புட்டுப் பாடம் கேட்டுட்டு என்னாத்துக்கு மையில விரலு?" என்று என் பேரை எழுதிக் காட்டி, என் கையைப் பிடித்து, என்னைக் கையெழுத்துப் போட வைத்தவள் அவள். 'ந்தோ' எனக்கு வராது, கொம்பு விட்டுப்போகும். அவள் விடமாட்டாள். அந்த மாசச் சம்பளத்துக்கு நான் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கட்டுரைக்குக் கீழே போடப் போவதும் அதே கையெழுத்துதான்.

நான் ரிட்டயர் ஆகும்வரை இப்படித்தான் நடந்தது. கடைசி ரெண்டு வருசம் செல்வி பார்த்தாள். பார்த்ததைச் சொன்னாள். அதற்குத்தான் இப்போது மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் நத்தம்காரி என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை மாம்பழம். காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாட்டி..." என்றாள்.

"என்ன இப்பப் பாட்டி? அப்ப அந்தோணிம்மாதான?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தோணிம்மா, நான் இன்னும் டெம்பரரிதான். வருசா வருசம் அவர் கையெழுத்துப் போட்டாத்தான் வேல. வாயத் தெறந்தா அடுத்த வருசம் கெடையாது. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"செல்விக்கும் ரெண்டுதான்."

அவள் ஒரு மடக்குக் காப்பி குடித்தாள். பிறகு, "நீங்க எழுதுறீங்களாமே. எம் பேரப் போட்ராதீங்க" என்றாள்.

"போட மாட்டேன்."

"வேணும்னா சேரக் கிளாசுக்குள்ளயே போடச் சொல்றேன்."

"எனக்குச் சேர் வேணாம்த்தா. அங்க பெஞ்சு இருக்கு."

அவள் பாதிக் காப்பியோடு எழுந்துவிட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, ஜெனி எழுதிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மாம்பழத்தைத் தொடக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஜெனி, "மாம்பழம் என்ன பாவம் பண்ணுச்சு அப்பத்தா?" என்று ரெண்டைத் தின்றுவிட்டாள்.

அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலை போய்விடும் என்ற பயத்தோடு ஆறு பேரை வளர்த்தவள் நான். ஆனால் எனக்கு ஆறவில்லை. சகுந்தலா மேடத்துக்கு என்ன கிடைத்தது? கடைசிப் பீரியடு கிடைத்தது, ஆறிப்போன டீ கிடைத்தது. அவர் என் பேரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் போனார். வாழ்நாள் பூராவும் படிக்கலாம் என்று போர்டு வைத்திருக்கிறார்களே, யாருடைய வாழ்நாள் என்று அதில் போடவில்லை. மேனேஜர் வாழ்நாளுக்கு ரோஜாப்பூ, என் வாழ்நாளுக்கு வராண்டாவா? அவர்கள் உட்காரும் பெஞ்சைத் துடைத்தே தேய்ந்துபோன வாழ்நாள் இது.

செல்வி மன்னிப்புக் கேட்க மாட்டாள். கேட்க வேண்டியதில்லை. அவள் பொய் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் ஜெனியைக் கூட்டிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போகிறேன், வாசிக்கப் போவது அவள்தான். இதை வாசித்து முடித்ததும் புவியியல் வகுப்புக்குப் போய், கடைசி பெஞ்சில் கதவுப் பக்கம் உட்காருவேன். எழுப்ப வேண்டுமானால் பிரின்சிபால் சாரே வந்து எழுப்பட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும்.

அவ்வளவுதான் ஜெனி தாயி. பேனாவைக் குடு, கையெழுத்துப் போடுறேன். கொம்பு சரியா விழுந்திருக்கா பாரு.

இப்ப முதல்ல இருந்து வாசி. திங்கக்கெழம எப்படி வாசிப்பியோ அப்படி வாசி, அவசரப்படாத. முடிச்சதும் தாள மடக்கி வச்சுட்டு நிமிந்து எம் பேரக் கூப்பிடு. நான் "உள்ளேன் அம்மா"ங்கிறேன். அதோட எந்திரிச்சிராத. அங்க அந்த ரூம்ல நத்தம்காரியும் நிப்பா. அவ பேர நீ சொல்லாத. அவளா வாயத் தெறக்குறாளான்னு சும்மா செத்த நேரம் காத்திரு.